கீரைக்கட்டும் மாத்திரைப் புட்டியும்

“கேன்சர் வராம இருக்கறதுக்கு ஏதாவது மாத்திரை இருக்காம்மா?”

செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மருந்துக்கடையில் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. வீட்டிலோ பக்கத்து ஃப்ளாட்டிலோ யாருக்காவது நோய் வந்து, பரேலில் உள்ள டாடா மருத்துவமனைக்கு அலைந்த அலைச்சலைக் கண்ணால் பார்த்தவர்கள். நமக்கும் வந்துவிடக் கூடாதே என்ற கவலையில் கேட்கிறார்கள். அந்தக் கவலைக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும். கடையில் கூட்டத்துக்கு நடுவே இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது தாராவி. அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். அம்மா இன்றைக்கும் 90 அடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில்தான் இருக்கிறாள். நான் பார்மசி படித்து, கல்யாணமாகிச் செம்பூர் வந்து, கடை வைத்தேன். சனிக்கிழமை காய்கறி வாங்க மாடுங்கா, ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கத் தாராவி. மூன்று இடத்துத் தமிழர்களும் கேட்பது ஒரே கேள்வியைத்தான். செம்பூரில் புட்டியைக் காட்டிக் கேட்பார்கள். மாடுங்காவில் போனில் வந்த வீடியோவைக் காட்டிக் கேட்பார்கள். தாராவியில் யாரோ சொன்ன மூலிகையைச் சொல்லிக் கேட்பார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமாக இருப்பவர் விழுங்கினால் புற்றுநோய் வராது என்று நிரூபணமான சத்து மாத்திரை எங்கள் கடை அலமாரியில் ஒன்றுகூட இல்லை. அபாயத்தைக் குறைக்கும் சாப்பாடு உண்டு. அது மார்க்கெட்டில் மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் என்ன சாப்பிடுகிறோம் என்பதைவிட, எதை வாயில் போடாமல் இருக்கிறோம் என்பதுதான் நம் மக்களுக்கு இன்னும் பெரிய விஷயம்.

262 டாக்டர்களின் கையெழுத்து

2024 நவம்பரில், முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, தன் மனைவிக்கு நான்காம் கட்ட மார்பகப் புற்றுநோய் குணமானதைப் பற்றிச் செய்தியாளர்களிடம் பேசினார். எலுமிச்சைத் தண்ணீர், பச்சை மஞ்சள், வேப்பிலை, துளசி, ஆப்பிள் சிடர் வினிகர், சர்க்கரையை ஒதுக்கிய சாப்பாடு, நேரம் வைத்துப் பட்டினி என்று ஒரு பட்டியல் சொன்னார். அவர் மனைவி அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் எடுத்துக்கொண்டவர். ஆனால் அந்தப் பேச்சு துண்டு வீடியோவாக வாட்ஸ்அப்பில் சுற்றியபோது சிகிச்சை விட்டுப்போய்விட்டது; மஞ்சளும் வேப்பிலையும் மட்டும் மிஞ்சின.

அடுத்த சில நாட்களிலேயே, டாடா நினைவு மருத்துவமனையில் பணியாற்றிய, பணியாற்றுகிற 262 புற்றுநோய் மருத்துவர்கள் கையெழுத்திட்ட அறிக்கை வெளிவந்தது. மஞ்சள், வேப்பிலை போன்றவற்றில் ஆராய்ச்சி நடக்கிறது. அவற்றைப் புற்றுநோய்க்கு மருந்தாகச் சொல்லும் அளவுக்கு மனிதர்களிடம் ஆதாரம் இல்லை. இவற்றை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்பது அதன் சாரம். டாக்டர்களின் ஆலோசனையோடுதான் அந்த உணவுமுறையைக் கடைப்பிடித்தோம் என்று சித்துவும் பிறகு விளக்கம் சொன்னார்.

இதில் நாம் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வந்த புற்றுநோயைக் குணப்படுத்துவது வேறு, வருவதற்கான வாய்ப்பைக் குறைப்பது வேறு. முதலாவதைச் சாப்பாட்டால் செய்ய முடியாது. அதற்கு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவைதான் வழி. இரண்டாவதில் சாப்பாட்டுக்குப் பங்கு உண்டு. அதிலும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் கிடையாது. நன்றாகச் சாப்பிட்டவர்களுக்கும் நோய் வருகிறது. வந்தவர்களைப் பார்த்து “என்னத்தைச் சாப்பிட்டீங்களோ” என்று கேட்பது மகாபாவம்.

புட்டியில் அடைத்த மஞ்சள்

எங்கள் கடைக்கு நெடுநாளாக வருகிற ஒரு பெரியவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஆன்லைனில் வாங்கிய குர்குமின் கேப்சூல் புட்டியைக் கொண்டுவந்து, “தினம் ஒண்ணு போடலாமா?” என்று கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து லேபிளைப் படித்தோம். ஒரு கேப்சூலில் 500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, அதில் 95 சதவிகிதம் குர்குமினாய்டு. கூடவே 5 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரச்சத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

சத்து மாத்திரை என்று விற்கப்படும் புட்டிகளில் அந்தப் பொடி எழுத்து வாசகம் இருந்தாக வேண்டும்; உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி அது. இவை உணவு என்ற கணக்கில் விற்கப்படுபவை, மருந்து என்ற கணக்கில் அல்ல. புற்றுநோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்த கம்பெனிகள் புட்டியின் மேல் ‘கேன்சர்’ என்ற சொல்லைப் போடுவதில்லை. ‘எதிர்ப்புச் சக்தி’, ‘செல் பாதுகாப்பு’ என்று போடுவார்கள். மிச்சத்தை வாட்ஸ்அப் பார்த்துக்கொள்கிறது.

சமையல் மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய நூற்றில் மூன்று பங்குதான். ஒரு டீஸ்பூன் நிறையப் போட்டாலும் 100 மில்லிகிராம் தேறுவது கஷ்டம். அதுவும் குடலிலிருந்து ரத்தத்தில் ஏறுவது மிகக் குறைவு. ஏறுகிற கொஞ்சத்தையும் கல்லீரல் சீக்கிரமே மாற்றி வெளியே தள்ளிவிடும். அந்த வேலையை மட்டுப்படுத்தத்தான் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். குர்குமின் உடம்பில் தங்கும், சரி. அதே வழியில் வெளியேற வேண்டிய மற்ற மருந்துகளும் தங்கிப்போகலாம். அந்தப் பெரியவர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர். அளவு கொஞ்சம் கூடினாலும் ரத்தக்கசிவு வரக்கூடிய மாத்திரை அது. குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பைப்பரின் சேர்ந்தவையும் அவற்றில் உண்டு.

“சார், இதை அப்படியே எடுத்து வைங்க. ஹார்ட் டாக்டர்கிட்ட காட்டாம தொடாதீங்க. சாம்பார்ல போடற மஞ்சள் போதும்” என்றேன். கேட்டுக்கொண்டார்.

மஞ்சளில் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. புகையிலை போடுகிறவர்களுக்கு வாய்க்குள் வெள்ளைத் திட்டு வரும். சிலருக்கு அதுவே பின்னால் புற்றாக மாறும். அந்தத் திட்டு உள்ள 223 பேரிடம் தென்னிந்திய மருத்துவமனைகளில் நடத்திய சோதனையின் முடிவு 2016இல் வந்தது. தினம் 3.6 கிராம் குர்குமின் ஆறு மாதம் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 67 பேருக்குத் திட்டு சுருங்கியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் நூற்றுக்கு 55 பேருக்குச் சுருங்கியது. வித்தியாசம் இருக்கிறது, நம்பிக்கை தருகிறது. ஆனால் அது டாக்டர் கண்காணிப்பில், அளந்து கொடுத்த மருந்து. திட்டு சுருங்கியதே தவிர, புற்றுநோய் தடுக்கப்பட்டது என்பது அதில் நிரூபணம் ஆகவில்லை.

நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு கீமோதெரபி மருந்துகள் வந்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் இன்றைக்கும் வின்கிரிஸ்டின் உயிர் காக்கிறது. செடியிலிருந்து மருந்து வரும். சத்தைப் பிரித்து, அளந்து, நோயாளிகளிடம் சோதித்த பிறகுதான் அது மருந்தாகும். அதற்காக நித்தியகல்யாணி இலையைப் பறித்துத் தின்றால் விஷம்.

மாத்திரைகள் தோற்ற சோதனைகள்

கேரட், பூசணி, பப்பாளி, கீரை இவற்றை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று 1980களில் ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். அவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின். அப்படியானால் அந்தச் சத்தையே மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே என்று யோசித்தார்கள். யாருக்கும் தோன்றக்கூடிய நியாயமான யோசனைதான்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதனை நடந்தது. 1994இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் கூடுதலாக வந்திருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களையும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களையும் சேர்த்து 18,000 பேருக்கு மேல் நடந்த சோதனையில் 28 சதவிகிதம் கூடியது. 1996இல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

அடுத்து வைட்டமின் ஈ, செலினியம். 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம், புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்த்தார்கள். தடுக்கவில்லை. 2011இல் கணக்குப் பார்த்தபோது வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 17 சதவிகிதம் அதிகம். வைட்டமின் டி பற்றி 25,871 பேரிடம் நடந்த சோதனையில் புதிதாகப் புற்றுநோய் வருவது குறையவில்லை. டி குறைபாடு உள்ளவர்கள் டாக்டர் சொன்னால் எலும்புக்காகச் சாப்பிட வேண்டும். அது வேறு காரணம்.

நல்ல செய்தியும் உண்டு. சீனாவில் லின்சியான் என்ற ஏழை வட்டாரத்தில் ஏறக்குறைய 30,000 பேருக்குப் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றையும் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தபோது வயிற்றுப் புற்றுநோய்ச் சாவு 21 சதவிகிதம் குறைந்தது. அந்த மக்கள் ஏற்கெனவே இந்தச் சத்துகள் இல்லாமல் வாடியவர்கள். குறை இருந்த இடத்தில் நிரப்பியபோது பலன் கிடைத்தது. போதுமான அளவு இருப்பவர் உடம்பில் மேலும் மேலும் கொட்டினால் பலன் இல்லை, சில சமயம் கெடுதல்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கேரட்டில் பீட்டா கரோட்டின் தனியாக இல்லை. நார், ஃபோலேட், இன்னும் நூற்றுக்கணக்கான பொருட்களோடு சிறுகச் சிறுக வருகிறது. கேரட் சாப்பிடுகிறவர் அந்த இடத்தில் வடையோ பிஸ்கட்டோ சாப்பிடாமல் இருக்கிறார். அந்த மொத்தத்தின் பலனை ஒரே ஒரு சத்தின் தலையில் ஏற்றியதுதான் பிசகு. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2018இல் வெளியிட்ட பெரிய அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று இது: புற்றுநோய்த் தடுப்புக்காகச் சத்து மாத்திரைகளை நம்பாதீர்கள், சத்தைச் சாப்பாட்டிலிருந்தே பெறுங்கள்.

2024 பிப்ரவரியில் நம் டாடா மையத்திலிருந்தே ஒரு செய்தி வந்தது நினைவிருக்கலாம். ரெஸ்வெரட்ராலும் தாமிரமும் சேர்ந்த மாத்திரை, விலை 100 ரூபாய், புற்றுநோய் மறுபடி வராமல் தடுக்க உதவும் என்று டிவியில் வந்தது. மறுநாளே எங்கள் கடையில் கேட்டார்கள். டாக்டர் இந்திரனீல் மித்ராவின் குழு பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஆராய்ச்சி அது. புற்றுநோய் திரும்ப வருவதைத் தடுக்கும் என்ற பேச்சுக்கு அடிப்படை எலிகளிடம் கண்ட முடிவுகள். மனிதர்களிடம் அதை நிரூபிக்கும் சோதனைக்கு இன்னும் ஆண்டுகள் வேண்டும் என்று அப்போதே சொன்னார்கள். பல மருத்துவர்கள் எச்சரித்ததும் அதைத்தான். எவ்வளவு பெரிய பெயர் பின்னால் இருந்தாலும், “மனுஷங்கள்ட்ட சோதிச்சாச்சா?” என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

தட்டில் இருக்க வேண்டியவை

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். ஆதாரம் பலமாக இருப்பது நார்ச்சத்துக்குத்தான். முழுத் தானியம், பயறு, காய், பழம் வழியாக வரும் நார் பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2011இல் வெளியான கணக்குப்படி, தினம் 10 கிராம் நார் கூடினால் அந்த அபாயம் ஏறக்குறைய 10 சதவிகிதம் குறைகிறது. குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் நாரைத் தின்று பியூட்டிரேட் என்ற பொருளைத் தருகின்றன. குடற்சுவரின் செல்களுக்கு அதுதான் ஆகாரம். கழிவும் தேங்காமல் சீக்கிரம் வெளியேறுகிறது.

ஒரு நாளைக்கு 30 கிராம் நார் வேண்டும். வடித்த வெள்ளைச் சோறு 100 கிராமில் அரை கிராம்கூடத் தேறாது. அதே எடை வெந்த கொண்டைக்கடலையில் 7 கிராமுக்கு மேல். ஒரு கொய்யாப்பழத்தில் 5 கிராம் போல. நம் தமிழ் வீடுகளில் காலை இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்று அரிசியே மூன்று வேளையும் வந்தால் கணக்கு எப்படி நேராகும்? அரிசியை விடச் சொல்லவில்லை. தட்டில் அதன் இடத்தைக் குறைத்து, காய்க்கும் பயறுக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் புதிய உணவு வழிகாட்டியை வெளியிட்டது. ஹைதராபாதில் இருக்கும் அந்த நிறுவனம் 1918இல் தொடங்கியது நம் குன்னூரில்தான். 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது சொல்லும் கணக்கு: கீரையும் காயும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி. நானூறு கிராம் காய் என்பது பலருக்கு மலைப்பாக இருக்கும். கூட்டு, பொரியல், சாம்பாரில் காய், ஒரு கீரை என்று நாலாகப் பிரித்தால் வந்துவிடும்.

மாடுங்கா மார்க்கெட்டில் சனிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். நார் உரிக்கிற வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்கீரை, கொத்தவரங்காய், அவரை, சேனை என்று ஊரில் கிடைப்பதெல்லாம் கிடைக்கிறது. குர்குமின் புட்டி ஒன்று வாங்குகிற காசில் ஒரு குடும்பம் பல வாரங்களுக்குக் கீரை வாங்கலாம். நறுக்க நேரமில்லை என்பது நிஜமான கஷ்டம்தான், குறிப்பாக வேலைக்குப் போகும் பெண்களுக்கு. வீட்டில் எல்லோரும் சேர்ந்து நறுக்கலாம். ஆண்களையும்தான் சொல்கிறேன்.

பாலும் தயிரும் பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைக் குறைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று நிபுணர் குழுக்கள் சொல்கின்றன. காபி பிரியர்களுக்கும் ஒரு செய்தி. காபி கல்லீரல், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் அபாயங்களைக் குறைக்கக்கூடும் என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாயைப் பொசுக்கி, புற்றுநோய்க்கு இடம் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016இல் சொன்னது. டபராவில் ஊற்றி ஆற்றிக் குடிக்கிற நம் பழக்கம் நல்ல பழக்கம். விட்டுவிடாதீர்கள்.

மட்டன் எப்போதாவது போதும். சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சி தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவிகிதம் கூடுகிறது. கருவாடு எங்கள் வீட்டிலும் பிடித்த பண்டம்தான்; உப்பில் ஊறிய உணவு அதிகமானால் வயிற்றுப் புற்றுநோய் அபாயம் கூடும் என்பதால் எப்போதாவது ஒருநாள் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். உடல் பருமன் 13 வகைப் புற்றுநோய்களோடு தொடர்புடையது, இடுப்பளவைக் கவனியுங்கள். சாராயம், பீர், விஸ்கி எல்லாமே ஒன்றுதான், வாயிலிருந்து மார்பகம் வரை பல புற்றுநோய்களுக்குக் காரணம். இதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

மும்பை மழைக்காலத்தில் இன்னொன்றும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தாராவியில் சுவரே வேர்க்கும். டப்பாவில் இருக்கும் நிலக்கடலை, மிளகாய், சோளம் பூசணம் பிடிக்கும். அதில் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரல் புற்றுநோய்க்கு நிரூபணமான காரணம். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பழங்குடிக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு 397 பேர் நோயுற்று, 106 பேர் இறந்தே போனார்கள். வறுத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு முழுவதும் போகாது. கசக்கிற, சுருங்கின, நிறம் மாறின கடலையைப் பார்த்தால் தயங்காமல் குப்பையில் போடுங்கள்.

வாயில் போடக் கூடாதவை

போன மழைக்காலத்தில் தாராவியில் அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தார். “ஏட்டி, கேன்சருக்கு முள்சீத்தாப் பழம் நல்லதாம்லா, மாடுங்காவுல கிடைக்குமா?” என்றார். கேட்கும்போதே அவர் கன்னத்துக்குள் புகையிலை அதக்கியிருந்தார்.

முள்சீத்தாவைப் பற்றித் தமிழில் சுற்றாத செய்தி இல்லை. ஆய்வுக்கூடத் தட்டில் அதன் சாறு புற்றுச் செல்களைக் கொல்வது உண்மை. தட்டில் இருக்கும் செல்லைக் கொல்கிற பொருள்கள் ஆயிரம் உண்டு. நோயாளிகளிடம் நிரூபணம் இல்லை. கரீபியன் தீவான குவாதலூப்பில் அந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் அதிகம் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் கூடுதலாக இருப்பதை 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள்.

“பெரியம்மா, பழம் கிடக்கட்டும். முதல்ல வாயில இருக்கதத் துப்புங்க, வாயத் திறங்க பாப்போம்” என்றேன். போன் வெளிச்சத்தில் பார்த்தபோது கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாகத் தடித்திருந்தது. அடுத்த நாளே மகளோடு பல் டாக்டரிடம் அனுப்பினோம். இப்போது புகையிலையை விட்டுவிட்டார். தவறாமல் காட்டிக்கொண்டு வருகிறார்.

2022ஆம் ஆண்டின் உலகக் கணக்குப்படி இந்தியாவில் ஓராண்டில் புதிதாக வந்த புற்றுநோய்கள் சுமார் 14 லட்சம். அதில் உதடு, வாய்ப் புற்றுநோய் மட்டும் 1.4 லட்சத்துக்கு மேல். ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் அதற்குத்தான். காரணம் தேடி ஆய்வுக்கூடம் போக வேண்டாம். புகையிலை, குட்கா, பான் மசாலா, இங்கே பெண்கள் பல்லில் தேய்க்கும் மிஷ்ரி. மகாராஷ்டிரத்தில் குட்கா 2012லேயே தடை செய்யப்பட்டது. பெட்டிக்கடைகளில் இன்னும் கிடைக்கிறது.

புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்குதானே என்பார்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அதே புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2003இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. கல்யாண வீட்டுத் தாம்பூலத்தை மரியாதைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், வெற்றிலையை மென்றுகொள்ளுங்கள், பாக்கை எடுத்துவிடுங்கள். பாக்கைத் தினசரிப் பழக்கமாக வைத்துக்கொண்டு கிரீன் டீ மாத்திரை சாப்பிடுவதில் ஒரு பயனும் இல்லை. கேரளத்தில் 1990களில் புகையிலை மெல்லுகிறவர்களுக்கு ஸ்பைருலினா கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டில் பலருக்கு வெள்ளைத் திட்டு மறைந்தது. மாத்திரையை நிறுத்திய ஒரு வருஷத்துக்குள் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வந்துவிட்டது.

மும்பை நிரூபித்த வினிகர்

சமையலறைப் பொருள் ஒன்று புற்றுநோய்ச் சாவைக் குறைத்ததற்கு மும்பையிலேயே நிரூபணம் உண்டு. அது பலருக்குத் தெரியாது. 1998இல் டாடா நினைவு மருத்துவமனை, மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பெண்களைச் சேர்த்து ஒரு சோதனையைத் தொடங்கியது. டாக்டர் சுரேந்திர சாஸ்திரி அதை நடத்தினார். அந்தந்தப் பகுதியிலேயே பத்தாவது வரை படித்த பெண்களுக்குச் சில வாரங்கள் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை நீர்த்த அளவில் கருப்பை வாயில் தடவிப் பார்த்தார்கள். கோளாறு உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டும். அப்படிக் கண்டுபிடித்தவர்களுக்கு உடனே சிகிச்சை. பன்னிரண்டு ஆண்டு கழித்து, பரிசோதனை நடந்த பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 31 சதவிகிதம் குறைந்திருந்தது. 2013இல் முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

வினிகரைக் குடித்து யாருக்கும் புற்றுநோய் நின்றதாக நிரூபணம் இல்லை. அதே வினிகரைக் கொண்டு பரிசோதித்தபோது உயிர்கள் பிழைத்தன. பரிசோதனைக்கு இணையான சத்து மாத்திரை கிடையாது.

ஆகவே, கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதையே உங்களிடமும் சொல்கிறேன். மாத்திரைப் புட்டிக்கு எடுத்து வைத்த பணத்தில் காயும் கீரையும் பயறும் வாங்குங்கள். புகையிலையையும் பாக்கையும் இன்றைக்கே விடுங்கள். டாக்டர் எழுதாத எந்தச் சத்து மாத்திரையையும் தினசரிப் பழக்கமாக்காதீர்கள். கீமோதெரபியில் இருப்பவர்கள் எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். முப்பது வயது கடந்த பெண்கள் கருப்பை வாய்க்கும் மார்பகத்துக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வாயில் புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால், மார்பில் கட்டி தட்டுப்பட்டால், மலத்தில் ரத்தம் கண்டால், அடுத்த நாளே டாக்டரிடம் போங்கள். தாராவிக்காரர்களுக்குச் சயான் மருத்துவமனை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. செலவுக்குப் பயந்தும் கூச்சப்பட்டும் தள்ளிப்போடாதீர்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்க வைக்கலாம்.